டான்சிக்கா, கதான்ஸ்க்கா? ஒரு தொகுப்புப் போர் அடங்கிய விதம்

ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்ற, அதை அவர் திருப்பி மாற்ற என்று மாறி மாறி நடப்பதைத் தொகுப்புப் போர் என்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அற்பத்தனமான தொகுப்புப் போர்களுக்கென்றே ஒரு பக்கம் உண்டு. பயனர்கள் தங்களைத் தாங்களே கிண்டலடித்துக்கொள்ள வைத்திருக்கும் பக்கம் அது. தயிருக்கான ஆங்கிலச் சொல்லின் நடுவே ஓர் 'எச்' வேண்டுமா வேண்டாமா என்று 2003 முதல் 2011 வரை அடித்துக்கொண்டது அந்தப் பட்டியலில் வரும். போலந்தின் ஒரு துறைமுக நகரத்தின் பெயருக்காக நடந்த சண்டையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. தயிர்ச் சண்டை அற்பம், சரி. ஆனால் இந்த ஊர்ப் பெயர்ச் சண்டையில் இரண்டு பக்கமும் சொன்னது உண்மை, இரண்டு பக்கத்துக்கும் வலி இருந்தது, அதைவிட முக்கியமாக அது ஒரு கட்டத்தில் ஏறக்குறைய அடங்கவும் செய்தது. அது எப்படி அடங்கியது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் ஊர். பால்டிக் கடலோரம், விஸ்துலா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போலிஷில் கதான்ஸ்க், ஜெர்மனில் டான்சிக். (தமிழில் எப்படி எழுதுவது என்பதற்கே தனியாக ஒரு பஞ்சாயத்து கூட்டலாம். சொல் முதலில் மெய்யெழுத்து வராது என்பதால் ஓர் அகரம் சேர்த்து 'கதான்ஸ்க்' என்று வைத்துக்கொண்டேன். கிரந்தம் வேண்டாம் என்பவர் கையில் கிடைத்தால் அது 'கதான்சுக்கு' ஆகும், அப்புறம் அதற்கு நான்காம் வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள். தமிழ் விக்கியில் கிரந்த எழுத்தைப் பற்றி நடந்த நீண்ட வாதங்களைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.) 1980ல் லேக் வலென்சா தலைமையில் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறந்த கப்பல் கட்டும் தளம் இங்கேதான் இருக்கிறது. 1939 செப்டம்பர் 1 விடிகாலையில் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் வெஸ்டர்பிளாட்டேயில் இருந்த போலந்துப் படைத்தளத்தின் மீது குண்டு வீசி இரண்டாம் உலகப் போரைத் தொடங்கி வைத்ததும் இந்தத் துறைமுகத்தின் வாயிலில்தான்.

சண்டை என்ன என்று கேட்டால், கட்டுரையின் தலைப்பு பெரிய பிரச்சினையே இல்லை. இன்றைக்கு ஊர் போலந்தில் இருக்கிறது, இன்றைய பெயர் கதான்ஸ்க், அதை ஒரு வழியாக எல்லோரும் ஏற்றுக்கொள்ளலாம். தொல்லை வந்தது உள்ளே, கடந்த காலத்தைச் சொல்லும் வரிகளில். 1650ல் இந்த ஊரில் ஒரு வணிகர் கப்பல் வாங்கினார் என்று எழுத வேண்டுமானால் எந்த ஊரில் வாங்கினார்? 1788ல் தத்துவவாதி ஷோபன்ஹவர் எங்கே பிறந்தார்? 1686ல் வெப்பமானி புகழ் ஃபாரன்ஹைட் எங்கே பிறந்தார்? ஒருவர் டான்சிக் என்று எழுதுவார், பத்து நிமிடத்தில் இன்னொருவர் கதான்ஸ்க் என்று மாற்றுவார். மூன்றாமவர் வந்து அடைப்புக்குறிக்குள் மற்றப் பெயரைச் சேர்த்து சமாதானம் செய்யப் பார்ப்பார். எந்தப் பெயர் வெளியே, எந்தப் பெயர் அடைப்புக்குள் என்று அதற்கும் ஒரு சண்டை. 'இப்போது போலந்தில்' என்று சேர்த்தால் ஒரு தரப்புக்குக் கோபம், 'அப்போது ஜெர்மன் நகரம்' என்று சேர்த்தால் மறு தரப்புக்குக் கோபம்.

இந்த மாதிரி சமயத்தில் நிர்வாகிகள் முதலில் செய்வது பக்கத்தைப் பூட்டுவது. பூட்டிவிட்டு, உரையாடல் பக்கத்தில் பேசி முடியுங்கள் என்பார்கள். ஒரு பக்கத்துக்கு அது வேலை செய்யும். ஆனால் அந்த ஊரில் பிறந்தவர்கள், படித்தவர்கள், செத்தவர்கள், அங்கே கையெழுத்தான உடன்படிக்கைகள், முற்றுகைகள், அங்கிருந்து கிளம்பிய கப்பல்கள் என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்றைப் பூட்டினால் சண்டை அடுத்ததற்குப் போய்விடும். பூட்டு தொங்கும் பக்கத்தில் எந்தப் பெயர் மாட்டிக்கொண்டதோ அந்தத் தரப்புக்கு அது தற்காலிக வெற்றி, அதனால் பூட்டுக்கு முந்தைய கடைசி நிமிடத் தொகுப்புக்கும் ஒரு போட்டி நடக்கும்.

கையில் இருந்த கருவிகள்

இந்தச் சண்டை உச்சத்தில் இருந்த, 2005க்கு முந்தைய அந்தக் காலகட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விக்கிப்பீடியா தொடங்கியது 2001 ஜனவரியில். நான்கு வருடத்தில் விதிகள் பாதி எழுதப்பட்டும் பாதி பழக்கமாகவும்தான் இருந்தன. நடுவர் குழு 2004 தொடக்கத்தில்தான் வேலைக்கு வந்தது. அந்தக் குழுவும் ஒரு விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே கறாராக இருந்தது: பயனர்களின் நடத்தையைப் பற்றித் தீர்ப்பு சொல்வோம், கட்டுரையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சொல்ல மாட்டோம். இன்னார் திட்டினார், இன்னார் கள்ளக் கணக்கு வைத்திருந்தார் என்று வழக்குப் போடலாம். 1650ல் ஊரின் பெயர் என்ன என்று வழக்குப் போட முடியாது. சமரசக் குழு ஒன்றும் இருந்தது (2018ல் அதைக் கலைத்துவிட்டார்கள்), ஆனால் சமரசம் செய்ய இரண்டு பேர் வேண்டும், இங்கே எண்ணற்றவர்கள், அவர்களிலும் பாதிப் பேர் நாளைக்குத்தான் கணக்குத் தொடங்கப் போகிறவர்கள்.

பிறகு மூன்று மீளமைப்பு விதி. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மற்றவர் செய்ததைத் திருப்பி மாற்றினால் தடை. 2004 நவம்பரில்தான் இதற்குப் பல் முளைத்தது, அதற்கு முன்னால் வெறும் வேண்டுகோள் மாதிரி இருந்தது. நல்ல விதிதான், இன்றைக்கும் அதுதான் பல சண்டைகளை அணைக்கிறது. ஆனால் அது வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும், யார் சொல்வது சரி என்று சொல்லாது. பிடிவாதக்காரர்கள் தினமும் மூன்று முறை என்று கணக்கு வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். அல்லது தோழர்களைக் கூப்பிடுவார்கள்: இவருக்கு மூன்று, அவருக்கு மூன்று. நானே ஒரு கோயில் ஊரின் பழைய பெயருக்காக முகம் தெரியாத ஒருவருடன் நாலு நாள் இப்படி மல்லுக்கட்டி இருக்கிறேன். மூன்றாவது மீளமைப்புக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

இரண்டு பேரும் சரி என்றால்

இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் பார்த்தால்தான் ஏன் யாரும் இறங்கி வரவில்லை என்பது விளங்கும். எழுத்தில் முதல் குறிப்பு 997ஐச் சேர்ந்த சம்பவத்துக்கு வருகிறது, புனித அடல்பெர்ட்டின் வாழ்க்கை வரலாற்றில். அப்போது அது ஸ்லாவியர்களின் ஊர், போலந்து அரசின் செல்வாக்கில் இருந்தது. 1308ல் ஜெர்மன் கிறிஸ்தவத் துறவி வீரர்களின் படையான டியூட்டானிக் வீரர் அமைப்பு ஊரைக் கைப்பற்றியது. போலந்து நினைவில் அது ஒரு படுகொலை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் ஒற்றுமை கிடையாது. அதன் பிறகு ஜெர்மன் மொழி பேசுவோர் பெருகினார்கள், ஊர் ஹான்சா வணிகக் கூட்டணியில் பெரிய கை ஆனது.

இங்கேதான் முடிச்சு. 1454ல் ஊர்க்காரர்கள் அந்த வீரர் அமைப்பை எதிர்த்துக் கிளம்பி போலந்து மன்னர் நான்காம் காசிமிரிடம் போனார்கள். பதின்மூன்று வருடப் போர். 1466 உடன்படிக்கையில் ஊர் போலந்து மகுடத்தின் கீழ் உறுதியானது. அடுத்த முந்நூறு வருடத்துக்கு மேல், 1793 வரை, ஊர் போலந்து மன்னருக்கு விசுவாசமானது, ஆனால் தெருவில் கேட்டது ஜெர்மன். சொந்த நாணயம், சொந்தச் சட்டம், பெரிய அளவுக்குத் தன்னாட்சி. போலந்தின் தானிய ஏற்றுமதியில் பெரும்பகுதி இந்தத் துறைமுகம் வழியாகத்தான் மேற்கு ஐரோப்பாவுக்குப் போனது. 1793ல் போலந்து இரண்டாம் முறை துண்டாடப்பட்டபோது பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசு வந்து ஊரை எடுத்துக்கொண்டது. அப்போது எதிர்த்து நின்றவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜெர்மன் பேசிய ஊர்க்காரர்கள்தான். ஷோபன்ஹவரின் குடும்பம் பிரஷ்ய ஆட்சியில் இருக்க மாட்டோம் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஹாம்பர்க் போய்விட்டது. பையனுக்கு அப்போது ஐந்து வயது.

ஆக, 1650ல் அது போலந்து நகரமா ஜெர்மன் நகரமா என்று கேட்டால், இரண்டும் ஆம் என்பதுதான் நேர்மையான பதில். கொடி யாருடையது என்று பார்ப்பவர் கதான்ஸ்க் என்பார், சந்தையில் என்ன மொழி என்று பார்ப்பவர் டான்சிக் என்பார். 1920ல் முதல் உலகப் போருக்குப் பிறகு உலக நாடுகள் சங்கத்தின் கீழ் அதைத் தனிச் சுதந்திர நகரம் ஆக்கினார்கள். அந்த ஏற்பாட்டின் கதி 1939ல் தெரிந்துவிட்டது. 1945ல் சோவியத் படை வந்தது, ஊர் இடிபாடானது, ஜெர்மானியர்கள் ஓடினார்கள் அல்லது விரட்டப்பட்டார்கள், போலந்துக்காரர்கள் குடியேறினார்கள். டான்சிக் என்று ஒருவர் எழுதும்போது போலந்துக்காரர் காதில் ஆக்கிரமிப்பு கேட்கிறது. கதான்ஸ்க் என்று ஒருவர் எழுதும்போது அங்கிருந்து விரட்டப்பட்ட குடும்பத்தின் பேரன் காதில் தன் பாட்டி அழிக்கப்படுவது கேட்கிறது. இதை 'அற்பம்' பட்டியலில் போட்டவருக்குத் தூரத்தில் இருக்கும் சௌகரியம் இருந்திருக்க வேண்டும்.

ஒரு கேள்வியைப் பத்தாக வெட்டியது

2005 பிப்ரவரியில் ஒரு நிர்வாகி இதை வாக்கெடுப்புக்கு விட்டார். மார்ச் 4 அன்று வாக்கெடுப்பு முடிந்தது. விக்கிப்பீடியாவில் வாக்கெடுப்பு என்றாலே பழைய பயனர்கள் முகம் சுளிப்பார்கள், அங்கே கருத்தொற்றுமைதான் வழி, தலையை எண்ணுவது வழி இல்லை என்பது கொள்கை. எனக்கும் பொதுவாக அதுதான் நிலைப்பாடு. ஆனால் இந்த வாக்குச்சீட்டு போடப்பட்ட விதத்தைப் பார்த்தபோது மனம் மாறியது.

'டான்சிக்கா, கதான்ஸ்க்கா' என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் இரண்டு படை வந்து மோதிவிட்டு, தோற்ற படை மறுநாளே முடிவை ஏற்காமல் தொடர்ந்திருக்கும். அவர் கேட்டது பத்துக் கேள்விகள். 1308க்கு முன் எந்தப் பெயர்? 1308 முதல் 1454 வரை? 1454 முதல் 1466 வரை, அதாவது அந்தப் பதின்மூன்று வருடப் போருக்கு மட்டும் தனியாக? 1466 முதல் 1793 வரை? 1793 முதல் 1945 வரை? 1945க்குப் பிறகு? இது வரை ஆறு. ஏழாவது, வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் என்ன செய்வது? எட்டாவது, இந்த ஊரைச் சொல்லும்போது முதல் இடத்தில் இரண்டு பெயரையும் கொடுக்க வேண்டுமா? ஒன்பதாவது, இதே மாதிரி ஜெர்மன், போலந்து வரலாறு பகிர்ந்துகொண்ட மற்ற ஊர்களுக்கும் அதே விதியா? பத்தாவதை அப்புறம் சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

இப்படி வெட்டியதில் என்ன நடந்தது என்றால், யாரும் எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. ஒரு ஜெர்மன் ஆதரவாளர்கூட 1945க்குப் பிறகு டான்சிக் என்று எழுதச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்தே வந்தார். 1793க்குப் பிறகு பிரஷ்ய ஆட்சி என்பதைப் போலந்துத் தரப்பாலும் மறுக்க முடியாது. அந்த இடங்களில் பெரிய தகராறு வர வழி இல்லை. அங்கே ஒத்துப்போனவர்கள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. உண்மையான சண்டை எல்லாம் ஒரே ஒரு கட்டத்துக்குள், 1466க்கும் 1793க்கும் இடையே, ஒதுங்கிப் போனது. அங்கே நெருக்கமான போட்டிதான். டான்சிக் ஜெயித்தது.

முடிவு இப்படி வந்தது: 1308க்கு முன்னும் 1945க்குப் பின்னும் கதான்ஸ்க், நடுவில் முழுக்க டான்சிக். தெளிவாக ஜெர்மானியர் என்று சொல்லக்கூடியவரின் வாழ்க்கை வரலாற்றில் முதலில் டான்சிக், அடைப்புக்குள் கதான்ஸ்க், அதன் பிறகு டான்சிக் மட்டும். தெளிவாகப் போலந்துக்காரர் என்றால் தலைகீழாக, அதுவும் எந்தக் காலமாக இருந்தாலும். எந்தக் கட்டுரையிலும் முதல் முறை வரும்போது மற்றப் பெயரையும் சொல்லியாக வேண்டும், ஒன்பதாவது கேள்வியின்படி அந்தப் பகுதியின் மற்ற ஊர்களுக்கும் அதே கதை.

போலந்துத் தரப்பின் மனக்குறை நியாயமானது. முந்நூறு வருடம் போலந்து மகுடத்தின் கீழ் இருந்த காலத்துக்கும் டான்சிக் என்றால் அது வரலாற்றை மொழிக்கு மட்டும் விட்டுக்கொடுத்தது போலத்தான். அதோடு எல்லைக்கோடாக 1308 வந்தது இன்னும் கசப்பு, அவர்கள் ரத்தக்களறி என்று நினைக்கும் வருடமே பெயர் மாறும் வருடமாக ஆகிவிட்டது. அந்தச் சம்பவத்தைப் பற்றிய கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு காலத்தில் டான்சிக் என்று எழுதி அடைப்புக்குள் கதான்ஸ்க் என்றும் போட்டிருந்தார்கள். ஒரு தலைப்பில் அடைப்புக்குறி வந்தாலே அங்கே யாரோ களைத்துப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆனால் அவர்களுக்கும் கையில் சில கிடைத்தன. போலந்துக்காரரின் வாழ்க்கை வரலாறு என்றால் நடு நூற்றாண்டுகளிலும் கதான்ஸ்க் தான் முதலில். ஜெர்மானியரைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் போலிஷ் பெயர் ஒரு முறையாவது வந்தே தீரும், அதை அழித்தால் விதிமீறல். முழுக்கத் தோற்றவன் சும்மா இருக்க மாட்டான். பத்தில் மூன்று ஜெயித்தவன், அந்த மூன்றையும் காப்பாற்றவாவது மொத்த ஏற்பாட்டையும் காப்பாற்றுவான்.

பத்தாவது கேள்வி

பத்தாவது: இந்த முடிவை எப்படி நடைமுறைப்படுத்துவது? சமூகம் எடுத்த முடிவு, இந்த ஊர்ப் பெயரை அந்த முடிவுக்கு ஏற்ப மாற்றுகிறவருக்கு மூன்று மீளமைப்பு விதி பொருந்தாது. பெயரை மட்டும்தான், கூடவே வேறு ஒரு வாக்கியத்தையும் தொட்டால் விதி மறுபடி பொருந்தும். பல முறை எச்சரித்தும் முடிவுக்கு எதிராக மாற்றிக்கொண்டே இருப்பவரை விசமத் தொகுப்புச் செய்பவர், அதாவது வேண்டுமென்றே கட்டுரையைக் கெடுப்பவர், மாதிரி நடத்தலாம். ஆனால் புதியவர் தெரியாமல் செய்திருந்தால் கடித்துக் குதறாதீர்கள் என்றும் சேர்த்திருந்தார்கள்.

இது நிறைவேறியது, அதுவும் வாக்கெடுப்பின் பகுதியாகவே. ஒரு தீர்வைச் சொல்லும் வாக்கெடுப்புகள் நிறைய நடந்திருக்கின்றன. அந்தத் தீர்வை யார் காப்பது, காக்கிறவருக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் அதே தாளில் கேட்டது எனக்குத் தெரிந்து அபூர்வம். மூன்று மீளமைப்பு விதி எல்லோரையும் சமமாக நிறுத்தி வைக்கும், முடிவு எடுக்கப்படாத இடத்தில் அதுதான் நியாயம். முடிவு எடுத்த பிறகும் அதே சமநிலை இருந்தால், விடாப்பிடியானவர் முடிவையே செல்லாக்காசாக்கிவிடுவார். அந்த ஓட்டையைத்தான் அடைத்தார்கள். உரையாடல் பக்கங்களில் முடிவின் முழு வாசகமும் ஒரு வார்ப்புருவாக (எங்கே வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய ஆயத்தப் பெட்டியாக) ஒட்டப்பட்டது, புதிதாக வந்து பெயரை மாற்றுபவருக்கு வரலாற்றுப் பாடம் எடுக்காமல் அதைக் காட்டினால் போதும்.

ஆபத்து இல்லாமலும் இல்லை. எண்ணிக்கை இல்லாமல் மீளமைக்கலாம் என்ற உரிமை ஒரு கையில் கிடைத்தால் அது ஆயுதம்தான். பெயரை மட்டும் என்று போட்ட கட்டுப்பாடு இல்லாமல் இருந்தால், 'முடிவை அமல்படுத்துகிறேன்' என்ற பெயரில் மொத்தப் பத்தியையும் தூக்கியிருப்பார்கள். அந்த ஒற்றை வரியை எழுதியவர் ஏற்கெனவே எங்கேயோ அடிபட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பிராந்தியத்தின் சண்டை மொத்தமும் இதோடு தீர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 2009ல் கிழக்கு ஐரோப்பா பற்றிய கட்டுரைகளில் ஒரு குழுவே மறைவாகக் கூடிப் பேசித் தொகுத்தது என்று நடுவர் குழு முன் பெரிய வழக்கு வந்தது. ஊர்ப் பெயரைத் தாண்டி அங்கே பேச நிறைய இருந்தது, யார் யாரைக் கொன்றார்கள் என்பது வரை.

வேறு இரண்டு இடங்களில்

இதோடு உக்ரைன் தலைநகரின் கதையை வைத்துப் பாருங்கள். கியேவ் என்ற ரஷ்ய வழி எழுத்தா, கீவ் என்ற உக்ரைனிய வழி எழுத்தா. அங்கே பல வருடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி, கட்டுரையின் தலைப்பை மாற்றலாமா. திரும்பத் திரும்ப மனுப் போடுவார்கள், ஆங்கிலச் செய்தித்தாள்கள் பழையபடிதானே எழுதுகின்றன என்று திரும்பத் திரும்பத் தள்ளுபடி. இடையில் இதைப் பற்றி மனுவே போடக்கூடாது என்று ஒரு தடைக்காலம்கூட வைத்தார்கள். 2019ல் ஏ.பி. செய்தி நிறுவனமும் பிபிசியும் எழுத்தை மாற்றின. 2020 செப்டம்பரில் தலைப்பு மாறியது. அதாவது அந்தச் சண்டையைத் தீர்த்தது விக்கியின் உள்ளே நடந்த எதுவும் இல்லை, வெளியே சான்றுகள் மாறியதுதான். தலைப்பு மாறியதும் உடனே எழுந்தது பழைய கேள்வி: அப்படியென்றால் 1920ல் அந்த ஊருக்காக நடந்த போரின் பெயரில் எந்த எழுத்து? அதற்கும் காலக்கோடுதான் கிழித்தார்கள், உக்ரைன் விடுதலையை அறிவித்த 1991 ஆகஸ்ட் 24ஐ வைத்து. கதான்ஸ்க்கில் பதினைந்து வருடத்துக்கு முன் கண்டுபிடித்த கத்திதான்.

நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றும் உண்டு. இலங்கைப் போர் உச்சத்தில் இருந்த வருடங்களில் ஆங்கில விக்கியில் அந்தக் கட்டுரைகள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ், சிங்களப் பயனர்களும் வெளியாட்கள் சிலரும் சேர்ந்து இலங்கை நல்லிணக்கத் திட்டம் என்று ஒன்றை அங்கே நடத்தினார்கள். அவர்கள் 'யார் சொல்வது உண்மை' என்ற கேள்வியை எடுக்கவே இல்லை, எடுத்திருந்தால் முதல் நாளே திட்டம் முடிந்திருக்கும். எடுத்தது, எந்தச் செய்தித் தளத்தை எப்படிப் பெயர் சொல்லிப் பயன்படுத்துவது என்பதை. தமிழ்நெட்டை மேற்கோள் காட்டலாம், ஆனால் புலிகளுக்குச் சார்பானது என்ற அடையாளத்தோடு. அரசுத் தரப்புத் தளங்களுக்கும் அதே அளவுகோல். இங்கேயும் வேலை செய்தது அதே சூட்சுமம்தான் என்று நினைக்கிறேன்: தீராத கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, தீர்க்கக்கூடிய அளவுக்கு ஒரு கேள்வியை வெட்டி எடுத்தார்கள். ஒரு தாக்குதலில் இறந்தவர் எண்ணிக்கையில் இரண்டு தரப்பும் ஒத்துப்போகாது, ஆனால் 'இன்னார் இத்தனை என்றார், இன்னார் இத்தனை என்றார்' என்ற வாக்கியத்தில் ஒத்துப்போகலாம். வாசிப்பவருக்கு அது எரிச்சலூட்டும் நடைதான். மீளமைப்பை விடத் தேவலை.

வெட்டாத மிச்சம்

கதான்ஸ்க் முடிவில் ஒரு சொல் மட்டும் என்னை இன்றும் உறுத்துகிறது: 'தெளிவாக'. தெளிவாக ஜெர்மானியர், தெளிவாகப் போலந்துக்காரர். ஊரைப் பற்றிய சண்டையை ஆட்களின் மேல் நகர்த்தி வைத்த சொல் அது. 1473ல் தோர்ன் என்ற தோருன் நகரில், போலந்து மகுடத்தின் கீழ், ஜெர்மன் பேசும் வீட்டில் பிறந்த கோப்பர்நிக்கஸ் எந்தப் பெட்டியில் போவார்? அவர் கட்டுரையின் முதல் வரியில் கடைசியில் எந்த நாட்டின் பெயரையும் போடாமல் 'மறுமலர்ச்சிக் காலத்துப் பல்துறை அறிஞர்' என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதைவிடச் சிக்கலான ஆள் யோஹன்னஸ் ஹெவெலியுஸ், ஏனென்றால் அவர் இதே ஊர்க்காரர். 1611ல் பிறந்தார், மதுவடிக்கும் குடும்பம், வீடுகளின் கூரைமேல் தொலைநோக்கி நிறுத்தி வானம் பார்த்தார். வீட்டில் ஜெர்மன், சின்ன வயதில் போலிஷ் கற்றுக்கொள்ள வெளியூருக்கு அனுப்பப்பட்டவர். ஊர் மன்றத்தில் உறுப்பினர். போலந்து மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி அவருக்கு உதவித்தொகை கொடுத்தார், இவர் வானத்தில் ஒரு விண்மீன் கூட்டத்துக்கு 'சோபியெஸ்கியின் கேடயம்' என்று பெயர் வைத்து நன்றிக்கடன் தீர்த்தார். போலந்தில் அவர் யான் ஹெவெலியுஷ். இவர் தெளிவாக யார்? வாக்குச்சீட்டில் அதற்கு இடம் இல்லை. அவர் பக்கத்தின் உரையாடலில் வருடக்கணக்கில் ஓடியது இந்தக் கேள்விதான், ஊர்ப் பெயர் ஓய்ந்த இடத்தில் ஆளின் இனம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஹெவெலியுஸைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நிலவின் வரைபடங்களோடு 1647ல் அவர் வெளியிட்ட நூலின் முகப்புத் தாளில் ஊர்ப் பெயர் அச்சாகியிருக்கிறது. லத்தீனில், 'கெடானி' என்று.